இருண்ட ஏலை ஒரு வருஷம் வைத்தால் தேறிவிடுமா?

லண்டனில் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருப்பது இது. ஆங்கிலேயர்களின் பழைய பாணியில், ஓல்ட் ஏல் என்று சொல்லும் இருண்ட பீரை வீட்டில் முதல் தடவையாக 20 லிட்டர் வடித்திருக்கிறார். தொடக்க அடர்த்தி 1.074 (தண்ணீர் 1.000 என்ற கணக்கில்). ஐந்து வாரமாக அது ப்ளாஸ்டிக் வாளியிலேயே, சமையலறையில் பாய்லர் பக்கத்தில் இருக்கிறது. நொதிக்கும்போது சூடு 25 டிகிரி வரை போனதாம். இப்போது அடர்த்தி 1.020-இல் நிற்கிறது. வாயில் விட்டால் கருகிய கசப்பு, நாக்கு வறள்கிறது, தொண்டை எரிகிறது. ஒரு நண்பர் "வாளியிலேயே ஒரு வருஷம் விடு, தானா சரியாகிடும்" என்கிறார், இன்னொருவர் "கொட்டிடு" என்கிறார். எத்தனை மாதம் வைக்கலாம் என்பதுதான் கேள்வியாக எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு முறை படித்தால் உள்ளே இருப்பது வேறு கேள்வி: இந்தக் குறைகளைக் காலம் தீர்க்குமா?

சிலவற்றைத் தீர்க்கும், சிலவற்றைத் தொடவே தொடாது, சிலவற்றை மோசமாக்கும். உங்கள் பீரில் இருப்பது எந்த வகை என்று பிரித்த பிறகுதான் மாதக் கணக்குக்கு அர்த்தம் உண்டு. அதற்குள் ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்லிவிடுகிறேன்: கொட்ட வேண்டாம், வாளியில் ஒரு வருஷம் விடவும் வேண்டாம்.

நான் மதுவடிப்புப் படித்துவிட்டு இங்கிலாந்தின் நடுப்பகுதியில் சிறிய ப்ரூவரிகளில் பல வருஷம் வேலை பார்த்தவன், வீட்டிலும் வடிக்கிறவன். ஆனாலும் உங்கள் பீரை நான் குடித்துப் பார்க்கவில்லை. "எரிகிறது" என்று எழுதினால் அது மூன்று வெவ்வேறு சங்கதிகளாக இருக்கலாம். ஆகவே உறுதியானதை உறுதியாகவும் ஊகத்தை ஊகமாகவும் சொல்கிறேன். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: பிரிட்டனில் 1963-க்குப் பிறகு வீட்டு உபயோகத்துக்குப் பீர் வடிக்க லைசென்ஸ் தேவையில்லை, விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் வடிப்பதே குற்றம். அங்கே இருப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ருசியைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு சோதனை. 1.074-இல் தொடங்கி 1.020-க்கு வந்திருக்கிறது என்றால் சர்க்கரையில் கிட்டத்தட்ட 73 சதவீதம் தீர்ந்திருக்கிறது, மது அளவு 7 சதவீதத்தை ஒட்டி வரும். நீங்கள் சொன்ன எஸ்-04 ஈஸ்ட்டுக்கு இது நம்பக்கூடிய முடிவுதான், அதுவும் மாஷை, அதாவது மால்ட் என்ற முளைகட்டிய தானியத்தை வெந்நீரில் ஊற வைப்பதை, 68 டிகிரியில் வைத்ததாகச் சொல்லியிருப்பதால். ஆனால் நின்றுவிட்டது என்பதும் முடிந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. ஈஸ்ட் களைத்துப்போய் நின்றிருந்தால், பாட்டிலில் அடைத்த பிறகு மூன்றாவது மாதம் மெதுவாக மறுபடி தொடங்கும். அடர்த்தி 0.001 இறங்கினாலே ஒவ்வொரு லிட்டர் பீரிலும் சுமார் அரை லிட்டர் கார்பன் டை ஆக்சைடு சேரும். நான்கு புள்ளி இறங்கினால் இரண்டு லிட்டர். நீங்கள் போடும் சர்க்கரை தரும் வாயுவுக்கு மேல் இது கூடுதலாக வருவது. சாதாரணப் பீர் பாட்டில் அதைத் தாங்காது. கண்ணாடி வெடிப்பது விளையாட்டு இல்லை.

சோதனை எளிது. கொதிநீரில் கழுவிய ஜாடியில் கால் லிட்டர் பீர் எடுங்கள். அதே எஸ்-04 ஈஸ்ட் அரை டீஸ்பூன் போட்டு, மூடியைத் தளர்வாக வைத்து, 25 டிகிரிச் சூட்டில் மூன்று நாள் வைத்து அவ்வப்போது கலக்குங்கள். பிறகு வாயுவை உதறி வெளியேற்றிவிட்டு ஹைட்ரோமீட்டரில் பாருங்கள். 1.020 அல்லது 1.019 என்றால் முடிந்துவிட்டது. 1.016-க்கு இறங்கியிருந்தால் வாளியில் இருப்பதும் ஒருநாள் அங்கே போய்ச் சேரும் என்று பொருள். அப்போது வாளியை 20 டிகிரி இடத்தில் வைத்து, அடி ஈஸ்ட்டை மெல்லக் கிளறிவிட்டு, தேவைப்பட்டால் புது ஈஸ்ட்டைக் கொஞ்சம் பீரில் உயிர்ப்பித்துச் சேர்த்துக் காத்திருக்க வேண்டும். சேஸான் ஈஸ்ட் எதையும் இந்தச் சோதனைக்கு எடுக்காதீர்கள். அவற்றில் சில, சாதாரண ஏல் ஈஸ்ட்டால் உடைக்க முடியாத மாவுச்சத்துத் துண்டுகளையும் தின்றுவிடும், கணக்கு பொய்யாகிவிடும்.

இனி ருசி. கருகிய கசப்புக்குக் காரணம் உங்கள் பட்டியலிலேயே இருக்கிறது: ஏழு கிலோ மால்ட்டில் 300 கிராம் ப்ளாக் மால்ட், 300 கிராம் சாக்லேட் மால்ட். இது ஸ்டவுட் என்ற கறுப்புப் பீருக்குப் போடும் அளவு. ப்ளாக் மால்ட் என்பது 1817-இல் டேனியல் வீலர் என்பவர் சுழலும் உருளையில் மால்ட்டை வறுக்கக் காப்புரிமை வாங்கிய பிறகு வந்த சரக்கு. கொஞ்சமாகப் போட்டாலே பீர் கறுத்துவிடும், அதுதான் அதன் வியாபாரக் கவர்ச்சியே. ஓல்ட் ஏலின் நிறம் பெரும்பாலும் கிறிஸ்டல் மால்ட்டிலும் ட்ரீக்கிள் என்ற கறுத்த சர்க்கரைப் பாகிலும் நீண்ட கொதியிலும் வர வேண்டியது. வறுத்த மால்ட் அதில் ஓரமாக நிற்கும். காலம் இதற்கு என்ன செய்யும்? கூர்மை மழுங்கும், ஆறு மாதத்தில் நன்றாகவே தெரியும். வறுத்த வாசனை போகாது. ஆகவே ஓல்ட் ஏல் கிடைக்கும் என்று எதிர்பார்க்காமல், ஒரு கனமான ஸ்டவுட் கிடைக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் லயன் ஸ்டவுட் குடித்துப் பழகியவர்களுக்கு அது ஒன்றும் நஷ்டமில்லை.

நாக்கு வறள்வது வேறு விஷயம். அது பாலிஃபீனால்கள் செய்யும் வேலை, அதாவது தேநீரை அதிக நேரம் கொதிக்கவிட்டால் வரும் அதே துவர்ப்பு. வறுத்த உமியிலிருந்து கொஞ்சம் வரும். மால்ட்டைக் கடைசியாக அலசும் தண்ணீர் 80 டிகிரியைத் தொட்டாலோ, அதன் காரத்தன்மை அதிகமாக இருந்தாலோ இன்னும் வரும். லண்டன் குழாய்த் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம். இருண்ட மால்ட்டின் அமிலம் அதைச் சரிக்கட்டிவிடும் என்பதால்தான் போர்ட்டர் என்ற இருண்ட பீர் லண்டனில் நன்றாக வந்தது. ஆனால் அலசும்போது அமிலம் கழுவிப்போய்விடும், தண்ணீரின் காரம் மட்டும் மிஞ்சும். இந்தத் துவர்ப்பு முதிரும்போது குறையும் என்பது உறுதி. பாலிஃபீனால் புரதத்தோடு ஒட்டி, குளிரில் கலங்கலாகி, அடியில் படியும். எவ்வளவு குறையும் என்பது எவ்வளவு இருந்தது என்பதைப் பொறுத்தது, அதை முன்கூட்டிச் சொல்ல வழியில்லை.

தொண்டை எரிச்சல்தான் எனக்குக் கவலை தருவது. 7 சதவீதப் பீர், ஐந்து வார வயது, வாயு இல்லாமல், அறைச் சூட்டில் குடித்தால் எந்தப் பீரும் கொஞ்சம் எரியும். அது வெறும் இளமை. இரண்டாவது சாத்தியம் ஃபியூசல் ஆல்கஹால்கள், சூடான நொதிப்பில் ஈஸ்ட் உண்டாக்கும் கனமான ஆல்கஹால்கள். மூன்றாவது எத்தில் அசிட்டேட், நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தின் வாசனை. இவற்றைப் பிரிக்க, ஒரு கோப்பையை 12 டிகிரிக்குக் குளிர வைத்து, முதலில் முகர்ந்து, பிறகு குடியுங்கள். எரிச்சல் பாதியாகக் குறைந்திருந்தால் பெரும்பாலும் இளமைதான், மூன்று மாதத்தில் அடங்கும். அப்படியே இருந்தால் ஃபியூசல். 25 டிகிரி எப்போது வந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஈஸ்ட் போட்ட முதல் மூன்று நாளில் வந்திருந்தால் சேதம் அதிகம், ஏனென்றால் ஈஸ்ட் பெருகும்போதுதான் இவை உண்டாகின்றன. இரண்டாவது வாரத்தில் என்றால் பயமில்லை. ஃபியூசலைக் காலம் கரைத்துவிடும் என்று பலர் சொல்வார்கள். ஒரு சிறு பங்கு அமிலங்களோடு சேர்ந்து எஸ்டராக மாறும் என்பது உண்மை. மற்றபடி அவை பாட்டிலிலேயே இருக்கும், சுற்றியுள்ள ருசிகள் முதிர்வதால் அவை மறைவது போலத் தெரியும். மறுநாள் தலைவலிக்கு ஃபியூசல்தான் காரணம் என்பதையும் அடிக்கடி கேட்பீர்கள். அது பரவலான நம்பிக்கை, வலுவான ஆதாரம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

உங்களிடம் இல்லை என்றாலும் மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பச்சை ஆப்பிள் வாசனை, வெண்ணெய் வாசனை, லேசான கந்தகம் இவையெல்லாம் ஈஸ்ட் உயிரோடு இருக்கும் வரை சில வாரங்களில் போய்விடும். மருந்துக்கடை வாசனை, அதாவது குழாய்த் தண்ணீரிலிருக்கும் குளோரின் மால்ட்டின் ஃபீனாலோடு சேர்ந்து உண்டாவது, எத்தனை வருஷம் வைத்தாலும் போகாது. அடுத்த முறை தண்ணீரில் குளோரினை நீக்கும் காம்ப்டன் மாத்திரை அரை கரைத்துவிட்டால் அந்தப் பேச்சே இல்லை. வினிகர் புளிப்பு குறையாது, காற்று பட்டால் ஏறும். ஈர அட்டைப்பெட்டி வாசனை நாளாக ஆக மோசமாகும்.

அந்த அட்டைப்பெட்டி வாசனையிலிருந்துதான், முதிர்வது என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்பது விளங்கும். ஒரே நேரத்தில் மூன்று வேலைகள் நடக்கின்றன. பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூக்களின் கசப்புப் பொருள்கள் மெதுவாகச் சிதைகின்றன, அதனால் கசப்பு மாதாமாதம் இறங்கும். இது எல்லாப் பீருக்கும் உறுதி. ஆக்சிஜன் வேலை செய்கிறது. வெளுத்த பீரில் அது டிரான்ஸ்-2-நோனெனல் போன்றவற்றை முன்னுக்குக் கொண்டுவரும், நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே அட்டை வாசனை மூக்கில் ஏறும். இருண்ட, கனமான பீரில் வறுத்த மால்ட்டின் மெலனாய்டின்கள் ஆக்சிஜனில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்கின்றன. மால்ட்டின் இனிப்பும் அட்டை வாசனையை மறைக்கிறது. அதற்குப் பதிலாக உலர் திராட்சை, ஷெர்ரி ஒயின், டாஃபி போன்ற வாசனைகள் எழும்புகின்றன. ஓல்ட் ஏலை முதிர வைக்க முடிவது இதனால்தான். மூன்றாவது ஈஸ்ட். அது உயிரோடு இருக்கும்வரை ஆக்சிஜனை விழுங்கும், செத்துக் கரையத் தொடங்கினால் சோயா சாஸ் போன்ற, இறைச்சி வேகவைத்தது போன்ற ருசி தரும். மூன்றும் சூட்டில் வேகம் பிடிக்கும், 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே 22 டிகிரியில் ஒரு வருஷம் என்பதும் 12 டிகிரியில் இரண்டு வருஷம் என்பதும் கிட்டத்தட்ட ஒரே தூரம். ருசி மட்டும் ஒன்றாக இருக்காது, ஏனென்றால் எல்லா மாற்றங்களும் ஒரே விகிதத்தில் வேகம் பிடிப்பதில்லை.

"அந்தக் காலத்தில் மரப்பீப்பாயில் ஒரு வருஷம் வைத்தார்களே" என்று உங்கள் முதல் நண்பர் கேட்கலாம். வைத்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் போர்ட்டர் வடித்தவர்கள் வீடு உயரப் பீப்பாய்களில் மாதக்கணக்கில் சேமித்தார்கள். 1814 அக்டோபர் 17-இல் டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு அருகே ஹார்ஸ் ஷூ ப்ரூவரியில் 22 அடி உயரப் பீப்பாய் ஒன்று உடைந்து, தெருவில் பீர் வெள்ளமாகப் பாய்ந்து எட்டுப் பேர் இறந்தார்கள். அதில் இருந்ததும் முதிர வைத்திருந்த போர்ட்டர்தான். ஆனால் அந்த அளவுதான் விஷயம். பீப்பாய் பெரிதாக ஆக, ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் மரப்பரப்பு குறையும், ஆக்சிஜனும் குறையும். 20 லிட்டர் சின்னப் பீப்பாயில் அதே பீர் பல மடங்கு வேகமாகக் கெடும். அப்புறம், அந்த மரத்துக்குள் வேறொரு ஈஸ்ட்டும் குடியிருந்தது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் கிளாசென் என்பவர் ஆங்கிலேயப் பழைய பீர்களிலிருந்து அதைப் பிரித்தெடுத்து 1904-இல் அறிவித்தார், பிரெட்டனோமைசிஸ் என்று பெயர். முதிர்ந்த ஆங்கிலேய ஏலின் தனி ருசிக்கு அதுதான் காரணம் என்றார். வீட்டில் வேண்டுமென்றே அதைச் சேர்ப்பவர்கள் உண்டு. அது மிச்சச் சர்க்கரையை மாதக்கணக்கில் தின்னும், அடர்த்தி 1.010-க்குக் கீழேகூடப் போகலாம், காற்று கிடைத்தால் வினிகரும் செய்யும். முதல் முறை வடிப்பவருக்கு நான் சொல்ல மாட்டேன். ஒரு முறை பயன்படுத்திய ப்ளாஸ்டிக் குழாய்களை அதற்கென்றே ஒதுக்கிவிட வேண்டியும் வரும்.

இப்போது உங்கள் வாளிக்கு வருவோம். வாளியின் மூடி காற்றுப்புகாதது போல இருக்கும், உண்மையில் புகும். நொதிப்பு நடக்கும்போது உள்ளிருந்து வாயு வெளியே தள்ளுவதால் பிரச்சினை இல்லை. நின்ற பிறகு காற்று மெதுவாக உள்ளே வரும், ப்ளாஸ்டிக் சுவர் வழியாகவும் வரும். இரண்டு மாதம் தாங்கும், ஒரு வருஷம் தாங்காது. ஈஸ்ட் படிவின் மேல் பீர் கிடந்தால் அது அழுகி ருசியைக் கெடுக்குமே என்ற பயம் வேறு உண்டு. பெரிய ப்ரூவரிகளில் உயரமான கூம்புத் தொட்டிகளில், சூட்டிலும் அழுத்தத்திலும் அது நடப்பது உண்மை. 20 லிட்டர் வாளியில் ஒன்றிரண்டு மாதத்தில் நடக்குமா என்பது சந்தேகம்தான். எனக்கு அப்படித் தெரிந்ததில்லை, எதிராகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். எப்படியானாலும், இடையில் இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றி, அதில் மாதக்கணக்கில் வைத்து, பிறகு பாட்டிலுக்குப் போகும் பழைய முறையை நான் பரிந்துரைக்கவில்லை. ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் ஆக்சிஜன் ஏறும். பெரிய கண்ணாடிக் குடுவையில் முதிர வைத்தால் எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரி வரும், அடிப் படிவும் குறையும் என்பது அதன் நன்மை. கழுத்து வரை நிரப்ப முடியாவிட்டால் அந்த நன்மை வீண். வாளியிலிருந்து நேராகப் பாட்டில், முதிர்வது பாட்டிலுக்குள்ளே என்பதே என் கட்சி.

சோதனை சரியாக வந்தால் வாளியை முடிந்தவரை குளிர்ந்த இடத்தில் நான்கைந்து நாள் வையுங்கள், கலங்கல் படியட்டும். ஏர்லாக்கில், அதாவது மூடியில் வாயு வெளியேறும் குழாயில், இருக்கும் தண்ணீர் குளிரில் உள்ளே இழுக்கப்படும், அதனால் அதில் கொதித்து ஆறிய நீரோ கொஞ்சம் வோட்காவோ மட்டும் இருக்கட்டும். அடிப் படிவைத் தவிர்த்தால் 18 லிட்டருக்கு மேல் தெளிந்த பீர் கிடைக்கும். அதற்குச் சாதாரண வெள்ளைச் சர்க்கரை 75 கிராம் போதும், கொஞ்சம் தண்ணீரில் கொதிக்க வைத்து ஆற்றிச் சேர்க்க வேண்டும். ஓல்ட் ஏலுக்குப் பொங்கும் நுரை தேவையில்லை, மாதங்கள் போகப்போக வாயு தானே கொஞ்சம் ஏறும். இரண்டு கிராம் எஸ்-04 ஈஸ்ட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துச் சேர்த்துவிடுங்கள். ஐந்து வாரப் பீரில் ஈஸ்ட் மிச்சம் இருக்கும் என்றாலும், புது ஈஸ்ட் பாட்டிலில் மாட்டிய ஆக்சிஜனைச் சீக்கிரம் விழுங்கும். சைஃபன் குழாயின் முனை பாட்டிலின் அடியைத் தொட வேண்டும், சலசலவென்று விழக் கூடாது. பழுப்புப் பாட்டில்களையே எடுங்கள். பச்சைப் பாட்டிலிலும் வெள்ளைப் பாட்டிலிலும் வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் நாறும். ஆக்சிஜனை உறிஞ்சும் மூடிகள் கடையில் கிடைக்கும், பயன் சிறிதுதான், விலையும் சிறிதுதான், வாங்கிப் போடலாம். ஒரே ஒரு பாட்டிலை மட்டும் சோடா வரும் ப்ளாஸ்டிக் பாட்டிலாக வைத்துக்கொள்ளுங்கள். அதை விரலால் அழுத்திப் பார்த்தால் கண்ணாடிக்குள் என்ன அழுத்தம் என்று தெரியும். கல் போல ஆகிவிட்டால் எல்லாவற்றையும் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றி, கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டு மூடியைத் தளர்த்துங்கள்.

மூன்று வாரம் 18 முதல் 20 டிகிரி வரை, வாயு ஏறுவதற்கு. பிறகு 10 முதல் 13 டிகிரி வரை இருக்கும் இடம். லண்டன் ஃப்ளாட்டில் அப்படி இடம் எங்கே என்று கேட்பீர்கள். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அலமாரி, வடக்குப் பார்த்த அறையின் தரை மூலை, இவை கோடையில் 20-ஐத் தொட்டாலும் பரவாயில்லை. கூரைக்கு அடியில் இருக்கும் பரண் கூடவே கூடாது, கோடையில் அது அடுப்பு. பாய்லர் பக்கமும் இனி வேண்டாம். பாட்டில்களை நிற்க வையுங்கள். ஒயின் மாதிரிப் படுக்க வைப்பது கார்க்குக்காக, தகர மூடிக்கு அது தேவையில்லை, படிவும் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும்.

சரி, எத்தனை மாதம்? திசை உறுதி, தேதி உறுதியில்லை. மூன்றாம் மாதம் ஒரு பாட்டிலைத் திறந்து பாருங்கள்: வாயு பிடித்திருக்கும், எரிச்சல் இளமையால் வந்ததென்றால் அடங்கியிருக்கும். ஆறாம் மாதம் இன்னொன்று: கருகல் மழுங்கி, கசப்பு இறங்கி, உலர்பழ வாசனை எட்டிப்பார்க்கும். உங்கள் பீர் ஒன்பதிலிருந்து பதினைந்து மாதத்துக்குள் உச்சத்தைத் தொடும் என்பது என் ஊகம், ஊகம் மட்டுமே. இரண்டு வருஷத்துக்கு மேல் 7 சதவீதப் பீரை வைப்பது சூதாட்டம். டார்செஸ்டரில் எல்ட்ரிட்ஜ் போப் ப்ரூவரி 1968-இல் கொண்டுவந்த தாமஸ் ஹார்டீஸ் ஏல் 25 வருஷம் தாங்கும் என்று சொல்லப்பட்டது. அதைக் காட்டி உங்களை உற்சாகப்படுத்த வருவார்கள். அது 12 சதவீதத்தை ஒட்டிய பீர், உங்களுடையதோடு அதை ஒப்பிட முடியாது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இரண்டு வரி எழுதி வையுங்கள், ஏனென்றால் ஆறு மாதத்துக்கு முந்தைய ருசி யாருக்கும் நினைவிருக்காது. முந்தைய பாட்டிலைவிட இது மேல் என்று தோன்றாத முதல் தடவையே மிச்சத்தைக் குடிக்கத் தொடங்க வேண்டிய நேரம்.

அடுத்த முறைக்கு, 20 லிட்டருக்கு நான் வைக்கும் அளவு இது. மாரிஸ் ஆட்டர் மால்ட் 6 கிலோ, கிறிஸ்டல் மால்ட் 400 கிராம், சாக்லேட் மால்ட் 100 கிராம், கறுப்பு ட்ரீக்கிள் 300 கிராம். ப்ளாக் மால்ட் வேண்டாம். ட்ரீக்கிளுக்குப் பதில் ஈஸ்ட் ஹாம் கடைகளில் கிடைக்கும் கித்துள் பாணியோ கருப்பட்டியோ போடலாம். இனிப்பு முழுக்க நொதித்துப் போய்விடும், லேசான புகை வாசனை நிற்கும், எனக்குப் பிடிக்கும். மாஷ் 66 டிகிரியில் ஒரு மணி நேரம், அலசும் தண்ணீர் 76-க்கு மேல் போகாமல். கொதி 90 நிமிஷம், அதில் கடைசி 60 நிமிஷத்துக்கு ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் என்ற ஹாப்ஸ் 100 கிராம். இப்போது கசப்பு அதிகமாகத் தோன்றும், முதிர வைக்கும் பீருக்கு அது வேண்டும், பாதி வழியில் கரையப் போவதுதானே. ஆறிய பிறகு, ஈஸ்ட் போடுவதற்கு முன், நன்றாகக் குலுக்கிக் காற்றேற்றுங்கள். இந்தப் பீர் வாழ்நாளில் ஆக்சிஜனை வரவேற்க வேண்டிய ஒரே தருணம் அது. ஒரு பாக்கெட் ஈஸ்ட் போதாது, 11.5 கிராம் பாக்கெட் இரண்டு. முதல் மூன்று நாள் 18 டிகிரி. வாளியைப் பெரிய தொட்டித் தண்ணீரில் நிற்க வைத்து, ஈரத் துணி சுற்றிவிட்டாலே லண்டனில் அது முடியும். மார்ச்சில் வடித்தால் கிறிஸ்மஸுக்குத் திறக்கலாம்.

இந்தப் பீர் ஒன்பதாம் மாதமும் முரடாகவே இருந்தால் அப்போதும் கொட்ட வேண்டாம். சஃபோக்கில் பரி செயின்ட் எட்மண்ட்ஸில் கிரீன் கிங் ப்ரூவரி ஃபைவ் எக்ஸ் என்ற 12 சதவீத ஏலை ஓக் பீப்பாய்களில் இரண்டு வருஷம் வைத்து, அதைத் தனியாக விற்காமல், புதிதாக வடித்த இளம் பீரோடு கலந்து ஸ்ட்ராங் சஃபோக் என்று பாட்டிலில் அடைத்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் சாராயக்கடைக்காரர்களும் பழசையும் புதுசையும் கலந்துதான் ஊற்றினார்கள். நீங்களும் 4 சதவீதத்தில் இனிப்பான, கசப்புக் குறைந்த ஒரு பிரவுன் ஏல் வடித்து, கோப்பையிலேயே ஒரு பங்கு பழசுக்கு இரண்டு பங்கு புதுசு என்று கலந்து பாருங்கள். கருகலும் எரிச்சலும் மூன்றில் ஒன்றாகும், பழசின் ஆழம் அதைவிட அதிகமாகவே தெரியும். பாட்டிலுக்குள் கலக்காதீர்கள், புதுசின் மிச்சச் சர்க்கரை மறுபடி நொதிக்கும். கோப்பையில் மட்டும்.